ஒன்று இருபதுக்கு மீட்டர் என்ன காட்டியது

சிங்கப்பூரில் எங்கள் கட்டட சைட்டில், மதியம் 1 மணிக்கு வெக்கையை அளக்கிற மீட்டர் 31.9 டிகிரி காட்டியது. நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 32 ஆகியிருந்தால், கனமான வேலை செய்கிறவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிடம் ஓய்வு கொடுக்க வேண்டும். 33 என்றால் 15. 31.9க்கு அந்தக் கட்டாயம் இல்லை. தண்ணீர் குடிங்க என்று மட்டும் சத்தம் போட்டேன்.

ஒன்று இருபது இருக்கும். கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்குகிற வைப்ரேட்டரைப் பிடித்துக்கொண்டிருந்த தம்பி அதைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு, கம்பிகளைத் தாண்டித் தாண்டி என்னிடம் வந்தான். ஹெல்மெட் பட்டியிலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டே இருந்தது.

"அண்ணே, மீட்டர இன்னொரு தடவ பாருங்களேன்."

"ரெண்டு மணிக்குப் பாக்கலாம் தம்பி."

"சரிண்ணே."

அவ்வளவுதான் பேச்சு. அந்த 'சரிண்ணே'யில் கொஞ்சம் கோபம் இருந்திருந்தால்கூட நான் அன்றைக்கே மறந்திருப்பேன்.

மீட்டர் எனக்குப் பின்னால் மூன்றடி தூரத்தில் முக்காலியில் நின்றது. கழுத்தைத் திருப்பினால் போதும். திருப்பவில்லை. பார்த்தால் என்ன இருக்கும் என்று தெரிந்ததால்தான் திருப்பவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி வருவதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்கிற சமாதானம்.

மணிக்கு ஒரு தடவை அளக்கச் சொல்கிறது விதி. அளந்தேன். ஸ்லாப், அதாவது தளத்துக்குக் கான்கிரீட் கொட்டுவது, பாதிதான் முடிந்திருந்தது. கேட்டில் இரண்டு கான்கிரீட் லாரி டிரம்மைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது. இந்தச் சூட்டில் கான்கிரீட் வேகமாக இறுகும். நடுவில் நிறுத்தினால் பழசும் புதுசும் ஒட்டாமல் கோல்ட் ஜாயிண்ட் விழும். பிறகு அதைக் கொத்தி எடுப்பதும் இதே பையன்கள்தான். மதியம் இடி மழை என்று காலையிலேயே போனில் வந்துவிட்டது. ஏப்ரலில் அது பெரிய சேதியும் இல்லை. காலையில் சுள்ளென்று அடித்து, தரை சூடேறி, கடல்காற்று உள்ளே புகுந்தால் இரண்டு மூன்று மணிக்குள் இடித்துக் கொட்டிவிடும். மின்னல் எச்சரிக்கை விளக்கு சுழல ஆரம்பித்தால் எல்லாரும் இறங்கியாக வேண்டும். அதற்குள் முடிங்க, முடிங்க என்று புராஜெக்ட் மேனேஜர் பி.எம். மூன்று தடவை போன் போட்டிருந்தார்.

மழைக்கு முந்தின அந்த ஒரு மணி நேரம்தான் ஆளைக் கொல்கிற நேரம். வெயிலை அளக்கிற கருவி என்றுதான் பையன்கள் நினைக்கிறார்கள். மீட்டர் போடுகிற கணக்கில் பத்தில் ஏழு பங்கு ஈரத்துணி சுற்றிய ஈரக்குமிழுக்கு, இரண்டு பங்கு வெயிலை வாங்குகிற அந்தக் கறுப்பு உருண்டைக்கு, வெறும் காற்றின் சூட்டுக்கு ஒரே ஒரு பங்கு. வேர்வை காயுமா என்பதுதான் அது கேட்கிற கேள்வி. ஊரில் கத்தரி வெயிலில் 40 டிகிரியில் களத்துமேட்டில் நின்றிருக்கிறேன். சட்டையில் உப்புப் பூக்கும், ஆனால் காயும். இங்கே 33 டிகிரியில் பூட்ஸுக்குள் சளக் சளக் என்று நடக்கிறோம்.

2023 மே 13 அன்று ஆங் மோ கியோவில் வெறும் காற்றின் சூடே 37.0 அடித்தது. 1983ல் தெங்காவில் பதிவானதற்குச் சமம், அதுதான் இந்த ஊரின் உச்சம். அன்றைக்கும் சைட்டில்தான் நின்றோம். மணிக்கொரு தடவை அளக்கிற விதி அந்த அக்டோபரில்தான் வந்தது. மே மாதத்தில் என்னிடம் யாரும் எதையும் பார்க்கச் சொல்லவில்லை, பார்க்க மீட்டரே கிடையாது. மீட்டர் வந்தபிறகுதான் ஏமாற்றக் கற்றுக்கொண்டேனோ என்று சில ராத்திரி தோன்றும். ஏமாற்றவில்லை. நோட்டில் உள்ள எண் ஒவ்வொன்றும் உண்மை.

இன்னொன்றும் இருக்கிறது. அவன் வந்து கேட்டபோது மேற்கே கறுத்து, மப்பு சூரியனை மூடியிருந்தது. உருண்டையின் சூடு இறங்கியிருக்கும். மீட்டர் 31.5 காட்டியிருக்கவும் கூடும். அப்படியென்றால் 'தெரிந்ததால்தான் திருப்பவில்லை' என்று மேலே எழுதினேனே, அது என்ன? எனக்குத் தெரிந்தது எண்ணா, அவன் முகமா? எங்கள் மீட்டர் பழசு, திரையில் ஓடுவதைத் தவிர எதையும் நினைவில் வைக்காது.

ஒன்று ஐம்பதுக்கு விளக்கு சுழன்றது. பிளாஸ்டிக் விரிப்பை இழுத்து மூடிவிட்டு எல்லாரும் கீழே ஓடினோம். தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தான். கலங்கலாகத் தண்ணீர் ஊற்றியது. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொள்ள, வயசான ஒருத்தர் அவன் காலைத் தன் மடியில் போட்டு நீவிவிட்டார். என் பையிலிருந்த ஹண்ட்ரட் பிளஸ் பானத்தைக் கொடுத்தேன். "தேங்க்ஸ்ணே" என்றான். வேறு ஒன்றும் ஆகவில்லை. அரைமணியில் எழுந்து நடந்துவிட்டான்.

2 மணிக்கு மழைக்குள் மீட்டர் 26.8 காட்டியது. எழுதினேன். 31.9, அதற்குக் கீழே 26.8. யார் வந்து புரட்டினாலும் அந்த மாதத்திலேயே சுத்தமான பக்கம் அதுதான்.

கோல்ட் ஜாயிண்ட் எப்படியும் விழுந்தது. ஒரு லாரியைத் திருப்பி அனுப்பினோம். "மழைக்கு நாம என்ன பண்ண முடியும்" என்று பி.எம். ஒரே வரியில் முடித்துக்கொண்டார். பத்து நிமிடம் உட்கார வைத்திருந்தாலும் அதே வரியைத்தான் சொல்லியிருப்பார். சொல்லியிருக்க மாட்டாரோ?

இப்போதெல்லாம் மணிக்கு மூன்று நான்கு தடவை மீட்டரைப் பார்க்கிறேன். 31.7 என்றாலே போய் உட்காருங்கப்பா என்கிறேன். கான்கிரீட் கொட்டுகிற காஸ்டிங் இல்லாத நாட்களில். காஸ்டிங் நாட்களில் மணிக்கு ஒரு தடவை.

அந்தத் தம்பி அதற்குப் பிறகு என்னிடம் கேட்டதில்லை. தண்ணீர் பிடிக்கப் போகும்போது பாட்டிலோடு மீட்டர் முன்னால் குனிந்து, தானே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறான்.