வீட்டில் ஐஸ்லாந்து மொழி, வெளியில் ஹொக்கி

கனடாவில் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய முதல் குளிர்காலத்திலேயே ஐஸ் ஹொக்கியும் வீட்டுக்குள் வந்துவிடும். "இது வெள்ளைக்காரர் விளையாட்டு, எங்கட பிள்ளைகளுக்குச் சரிவராது" என்று ஒதுங்கும் பெற்றோர் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஹொக்கி வீரர் ஃபிராங்க் ஃபிரெட்ரிக்சனைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். அவரும் வந்தேறு குடும்பத்துப் பிள்ளைதான்.

1895இல் மனிடோபா மாகாணத்தின் வின்னிபெக் நகரில் பிறந்தார். தாய் தகப்பன் ஐஸ்லாந்திலிருந்து வந்தவர்கள். ஆறு வயதுவரை அவருக்கு ஐஸ்லாந்து மொழி மட்டும்தான் தெரியும். ஐஸ்லாந்தியர் 1875இல் மனிடோபாவின் ஏரிக்கரையில் கிம்லி குடியிருப்பை அமைத்தார்கள்; அடுத்த ஆண்டே பெரியம்மை வந்து பலரைக் கொண்டுபோனது. பிறகு பலர் பிழைப்புத் தேடி வின்னிபெக்கின் மேற்குப் பகுதியில், சார்ஜன்ட் வீதியைச் சுற்றிக் குடியேறினார்கள். 1886இலும் 1888இலும் தங்கள் மொழியிலேயே ஒவ்வொரு வாரப் பத்திரிகையைத் தொடங்கிவிட்டார்கள். ரொறொன்ரோவில் தமிழ்ப் பத்திரிகைகளைக் கடையில் எடுத்து வாசிக்கிறவர்களுக்கு இது நன்றாக விளங்கும்.

அந்தச் சமூகத்தின் ஹொக்கி அணிதான் வின்னிபெக் ஃபால்கன்ஸ்; ஃபிரெட்ரிக்சன் அதில்தான் ஆடினார். முதல் உலகப் போரில் பலர் ஒன்றாகப் படையில் சேர்ந்தார்கள், இருவர் திரும்பவில்லை. ஃபிரெட்ரிக்சன் விமானப் பயிற்சிக்கு எகிப்து போனார். 1918 மே மாதம் அவர் திரும்பி வந்த கப்பலை மத்தியதரைக் கடலில் குண்டு தாக்கியது. உயிர் தப்பினார்.

ஊர் திரும்பியவர்களை நகரின் பெரிய லீக் சேர்த்துக்கொள்ள மறுத்தது. ஐஸ்லாந்திய வம்சாவளி என்பதால்தான் ஒதுக்கினார்கள் என்பது அந்தச் சமூகத்தின் நினைவு. அவர்கள் கெஞ்சிக்கொண்டு நிற்கவில்லை; செல்கர்க், பிராண்டன் அணிகளோடு சேர்ந்து தனி லீக் அமைத்தார்கள். ஒதுக்கிய லீக்கின் வெற்றியாளரைத் தோற்கடித்து, பிறகு ரொறொன்ரோ பல்கலைக்கழக அணியையும் வென்று 1920இல் தொழில்முறை சாராத கனேடிய அணிகளுக்கான அலன் கிண்ணத்தை எடுத்தார்கள். வீட்டுக்குக்கூடப் போகாமல் அங்கிருந்தே பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப் நகருக்குப் புறப்பட்டார்கள். ஒலிம்பிக்கில் ஐஸ் ஹொக்கி ஆடப்பட்டது அதுவே முதல் தடவை. செக்கோஸ்லோவாக்கியாவை 15-0, அமெரிக்காவை 2-0, சுவீடனை 12-1 என வென்று தங்கம் பெற்றார்கள். அணித் தலைவர் ஃபிரெட்ரிக்சன்.

அப்போது ஒரு பக்கம் ஏழு பேர். இன்றைய ஆறு பேரோடு களமெங்கும் சுற்றும் 'ரோவர்' ஒருவர். பந்துக்குப் பதிலாக ஆடும் 'பக்' என்ற வட்டை முன்னோக்கித் தள்ளிக் கொடுப்பதற்குப் பெரும்பாலும் அனுமதி இல்லை. பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்கலாம். முன்னேற வேண்டுமென்றால் மட்டையோடு ஒட்டவைத்துச் சறுக்கியே கொண்டுபோக வேண்டும். அதனால் தோள் பலத்தைவிடக் காலும் மணிக்கட்டும் முக்கியம். நடுக்கள வீரரான ஃபிரெட்ரிக்சன் இரண்டிலும் தேர்ந்தவர். பிறகு தொழில்முறை ஆட்டத்துக்கு விக்டோரியா நகருக்குப் போனார். 1925இல் அந்த நகர அணி மொன்றியல் கனேடியன்ஸை வென்று, தொழில்முறை ஹொக்கியின் மிக உயர்ந்த பரிசான ஸ்டான்லி கிண்ணத்தைப் பெற்றது. தேசிய ஹொக்கி லீக்கான என்.எச்.எல்.லுக்கு வெளியே உள்ள அணி ஒன்று அந்தக் கிண்ணத்தை வென்றது அதுவே கடைசி. பொஸ்டன், பிட்ஸ்பர்க், டிட்ரொயிட் என்று ஆடி முடித்து, பயிற்சியாளரானார். 1958இல் ஹொக்கிப் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் ஏறியது.

காலும் மணிக்கட்டும் தேற வேண்டுமென்றால் முதலில் அடியில் தகடு பூட்டிய ஸ்கேட் சப்பாத்து சரியாக இருக்க வேண்டும். நம்மவர் வழக்கமாகத் தவறுவது இங்கேதான். வளரும் பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவார்கள். கணுக்கால் உள்ளே மடியும், பிள்ளை தனக்கு வராது என்று விட்டுவிடும். ஸ்கேட் சப்பாத்து வழக்கமான சப்பாத்தைவிட ஒன்று, ஒன்றரை அளவு சிறியதாக வரும். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். முழங்காலை மடித்தால் குதிகால் தூக்கக்கூடாது. குளிருக்கென்று இரண்டு தடித்த காலுறை போட்டால் கால் உள்ளே வழுக்கும். மெல்லிய காலுறை ஒன்றே போதும். புதிய சப்பாத்தின் தகடு கூராக இருக்காது, தீட்டாமல் ஐஸில் இறக்கினால் பிள்ளை விழுந்துகொண்டே இருக்கும். மட்டை, ஸ்கேட் போட்டு நிற்கும்போது நாடியளவு உயரம். முகக்கம்பி பூட்டிய தலைக்கவசம் மட்டும் பழையது வாங்க வேண்டாம்.

வளவுக்குள் ஐஸ் போட விரும்பினால், மைனஸ் 10 பாகை இரவுகள் சில தொடர்ந்து வரும்வரை பொறுங்கள். முதலில் பனியை மிதித்து இறுக்கி, மெல்லிதாகத் தண்ணீர் தெளித்து, அது முழுதாக இறுகிய பிறகே அடுத்த தடவை தெளிக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரே தடவையில் வாரி ஊற்றினால் மேலே ஓடுபோல் இறுகி அடியில் வெற்றிடம் நிற்கும். முதல் பிள்ளை ஏறியதும் அது உடைந்துபோகும்.