மியூட்டில் ஒரு ஐயையோ

பெருங்குடியில் ஒரு கால் சென்டரில் எட்டு வருஷம் குவாலிட்டி பிரிவில் இருந்தேன். பிரிட்டன்காரர்களின் வீட்டுக் காப்பீடு சம்பந்தப்பட்ட வேலை. அங்கே காலை ஒன்பது மணி என்றால் நமக்குக் கோடையில் மதியம் ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. ஏஜென்ட்கள் பேசுவதைக் கேட்டு மதிப்பெண் போட வேண்டும். படிவத்தில் ‘எம்பதி ஸ்டேட்மென்ட்’ என்று ஒரு கட்டம் இருக்கும். வாடிக்கையாளர் கெட்ட சேதி சொன்னதும் ஏஜென்ட் அதற்கேற்ற ஒரு வார்த்தை சொன்னாரா? உண்டு, இல்லை, அவ்வளவுதான். அந்த ஒரு கட்டத்துக்காக நான் போட்ட சண்டைகள் கொஞ்சநஞ்சமல்ல.

சில நாள் ஒய்-ஜாக்கை, அதாவது ஒரே அழைப்பை இரண்டு ஹெட்செட்டில் கேட்க வைக்கும் கிளை ஒயரை, மாட்டிக்கொண்டு ஏஜென்ட் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்பேன். ரெக்கார்டிங்கில் சிக்காததெல்லாம் அப்போதுதான் காதில் விழும். “சீலிங் இடிந்து படுக்கை மேல் விழுந்துவிட்டது” என்பார் வாடிக்கையாளர். ஏஜென்ட்டின் கட்டைவிரல் தானாக மியூட் பட்டனுக்குப் போகும். “ஐயையோ!” பிறகு பட்டனை விடுவித்து, குரலை இறக்கி, “ஓ டியர், ஐ ஆம் சோ சாரி டு ஹியர் தட்.” ரெக்கார்டிங்கில் அந்த ‘ஐயையோ’ இருந்த இடம் வெறும் மௌனமாகத்தான் பதிவாகியிருக்கும். அதை டெட் ஏர், அதாவது ஏஜென்ட் பேசாமல் விட்ட வெற்று நேரம், என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்த புண்ணியவான்களும் எங்கள் டீமில் இருந்தார்கள்.

பயிற்சியில் ஒரு பட்டியல் கொடுப்பார்கள். ஓ டியர், ஓ நோ, காஷ், மை குட்னஸ், தட்ஸ் ஆஃபுல். ‘ஓ மை காட்’ மட்டும் வேண்டாம். கடவுள் பேரைச் சும்மா இழுப்பது வயதானவர்கள் சிலருக்குப் பிடிக்காது என்றார் டிரெய்னர். அந்த ‘காஷ்’ஷே ‘காட்’டுக்குப் போட்ட முக்காடுதான். ‘ஜீஸ்’ என்பது ஜீசஸ், ‘கிரைக்கி’ என்பது கிறைஸ்ட். ‘பிளைமி’ இன்னும் மோசம், ‘கடவுள் என் கண்ணைக் குருடாக்கட்டும்’ என்ற சத்தியம் தேய்ந்து வந்தது. நாடக மேடையில் கடவுள் பேரை விளையாட்டாகச் சொன்னால் பத்து பவுண்டு அபராதம் என்று 1606இல் இங்கிலாந்தில் சட்டமே போட்டிருக்கிறார்கள். எனக்கு இது உடனே புரிந்துவிட்டது. விளக்கு வைக்கிற நேரத்தில் ‘ஐயோ’ என்றால் எங்கள் பாட்டி, “அது எமன் பெண்டாட்டி பேருடா, வாயை மூடு” என்று அதட்டுவாள். நாங்கள் ‘ஐ’யில் ஆரம்பித்து அவசரமாக ‘அச்சச்சோ’வுக்குத் தாவுவோம்.

பட்டியலை மனப்பாடம் செய்துவிடலாம். எந்தத் துயரத்துக்கு எந்த அளவு வார்த்தை என்பதில்தான் எல்லோரும் வழுக்கினார்கள். ‘ஊப்ஸ்’ நம் கையிலிருந்து டம்ளர் நழுவினால் சொல்வது. அடுத்தவர் அடுப்படி எரிந்ததற்கு ஒரு பையன் அதைச் சொன்னான். இன்னொரு பெண், திருடுபோன மோதிரத்தின் விலையைக் கேட்டதும் மனதார “வாவ்!” என்றாள். அந்த அழைப்பை கேலிப்ரேஷன் மீட்டிங்கில், அதாவது இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து கேட்டு மதிப்பெண்ணை ஒப்பிடும் கூட்டத்தில், போட்டுக் கேட்டோம். லண்டன் தரப்பில் சற்று நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அந்த மேனேஜர் அம்மா, “அது கொஞ்சம் அன்ஃபார்ச்சுனேட்” என்றார். பரவாயில்லை, கொஞ்சம்தானே என்று நாங்கள் டீ குடிக்கப் போய்விட்டோம். அவர்கள் ஊர் ‘கொஞ்சம்’ எவ்வளவு பெரியது என்பது மறுநாள் வந்த மெயிலில் தெரிந்தது.

2010 டிசம்பர் இன்னும் நினைவிருக்கிறது. 1910இலிருந்து எடுத்த கணக்கில் பிரிட்டனின் மிகக் குளிர்ந்த டிசம்பர் அதுதான். குழாய்க்குள் தண்ணீர் உறைந்து, விரிந்து, குழாய் வெடித்து, பனி இளகியதும் வீடெல்லாம் தண்ணீர். போன் கால்கள் குவிந்தன. எங்கள் பிள்ளைகள் ‘ஓ டியர்’ சொன்னார்கள், ஆனால் ரேஷன் கடையில் சர்க்கரை இல்லை என்று சொல்கிற குரலில். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் குழாய் உடைந்தால் கேட் வால்வை மூடி, பிளம்பருக்கு போன் போட்டு, துடைப்பத்தால் தள்ளிவிட்டால் தீர்ந்தது. சேதப் புகைப்படங்களை வாங்கிக் காட்டினேன். மரத்தரை, அதன்மேல் கம்பளம், ஜிப்சம் பலகைக் கூரை ஊறித் தொங்குகிறது. அந்த வீடு காயவே மாதக்கணக்காகும். ஒருத்தி படத்தைப் பார்த்து “ஓ நோ” என்றாள். ட்ரெய்னிங்கில் ஒருநாளும் வராத குரல்.

2015 டிசம்பர் முதல் வாரம் சென்னை மூழ்கியது. அதே வாரக் கடைசியில், ஐந்தாம் தேதி, டெஸ்மண்ட் புயல் இங்கிலாந்தின் வடமேற்கைப் பிடித்தது. ஹானிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் மழை. கார்லைல் நகரத்துக்குள் ஆறு புகுந்தது. முடிச்சூர்ப் பையன் ஒருவன் வீட்டைக் கழுவிவிட்டு அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தான். பக்கத்தில் ஒய்-ஜாக்கோடு நான். கார்லைலிலிருந்து ஒரு பாட்டி. தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டான்.

“பிளக் சாக்கெட் வரைக்கும்.”

“ஓ மை காட்!” மியூட் பட்டன் பக்கம் கை போகவே இல்லை. அவன் மனதில் இருந்தது நம் வீட்டு சுவிட்ச் போர்டு, நெஞ்சு உயரத்தில். அங்கே சாக்கெட் தரையிலிருந்து ஓரடிக்குச் சற்று மேலே இருக்கும். பாட்டியே பதறி, “அவ்வளவெல்லாம் இல்லை லவ், முழங்கால் அளவுகூட இல்லை” என்று அவனைத் தேற்றினார். பிறகு, “நீ எங்கேயிருந்து பேசுகிறாய்?” என்று கேட்டார். சென்னை என்றான். டிவியில் பார்த்தேனே, உன் வீடு எப்படி என்றார். சொல்லக் கூடாது, ஸ்கிரிப்டில் இல்லை. நெஞ்சளவு என்று சொல்லிவிட்டான்.

“ஓ, யூ புவர் லாம்ப்.” அடப் பாவமே, ஆட்டுக்குட்டியே என்கிற மாதிரி.

எம்பதி ஸ்டேட்மென்ட் கட்டத்துக்கு வந்தேன். யார் யாரிடம் சொன்னது என்று படிவத்தில் கேள்வி கிடையாது. ‘உண்டு’ என்று டிக் போட்டேன்.