விழுந்தது

"இன்றைக்கு ஒளி நன்றாக விழுந்ததா அம்மா?" என்று அந்தப் பெரியவர் கேட்டார்.

"விழுந்தது ஐயா" என்றேன்.

நடந்தது இவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. நான் சொன்னது பொய்யும் அல்ல. அவர் கெண்டைக்காலில் இருந்த புண்ணின் மேல் நீல ஒளி விழுந்ததை அவர், நான், பயிற்சிக்கு வந்திருந்த மாணவி மூவரும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தோம். ஆனால் கிருமியைக் கொல்வது அந்த நீலம் அல்ல. அது விளக்குக் குழாயில் இருக்கும் பாதரசம் சும்மா உமிழும் வெளிச்சம். வேலை செய்கிறது புற ஊதாக் கதிர். அதன் அலைநீளம் 254 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாது. அது அன்றைக்கு விழவில்லை, அல்லது ஏறக்குறைய விழவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் "விழுந்தது" என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தேனா, வாய்தவறி வந்ததா என்று இன்னும் புரியவில்லை. "வேலை செய்ததா?" என்று கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன். அவர் கேட்ட விதமே எனக்கு ஒரு சந்து காட்டிவிட்டது.

எனக்குத் தெரிய வந்தது அதற்கு முந்தைய நாள்தான். அந்த மாணவிதான் ஆரம்பித்து வைத்தாள். "மேடம், இந்த விளக்கு எரிந்தால் லேசாக ஒரு நெடி வரும் என்று சொன்னீர்களே, எனக்கு ஒன்றும் வரவில்லையே" என்றாள். குழாயின் கதிர் காற்றில் படும்போது உண்டாகும் ஓசோன் நெடி. எங்கள் விளக்கில் அது எப்போதும் உண்டு. நான் மூக்கைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். இல்லை. எப்போதிலிருந்து இல்லை என்று யோசித்தேன். அதற்கும் பதில் இல்லை. தினமும் முகர்கிற வாசனை என்றைக்கு நின்றது என்று யாருக்குத்தான் தெரியும்?

அன்று மாலை எல்லாரும் போன பிறகு, ஓர் அட்டையில் நான்கு சதுரம் வெட்டி என் முன்கையில் வைத்துக் கட்டினேன். முதல் சதுரத்துக்கு 15 வினாடி விளக்கைப் பிடித்தேன், அடுத்தடுத்தவற்றுக்கு 30, 45, 60. கதிர் இருந்தால் தோல் சிவக்கும். பிசியோதெரபி படித்தவர்கள் எல்லாரும் செய்திருக்கும் சோதனைதான். இந்தக் குழாய் புதிதாக வந்தபோது இதே கையில் செய்திருக்கிறேன். நான்கு கட்டமும் சிவந்தன, கடைசிக் கட்டத்தில் சட்டைக்கை உரசினால் எரிந்தது. இந்த முறை காலையில் எழுந்து கையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அட்டையைக் கட்டிய நாடாவின் தடம் மட்டும் இருந்தது.

குழாய் ஃபியூஸ் போயிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இது எரிந்துகொண்டே செத்துவிட்டது. குழாயின் குவார்ட்ஸ் கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாக மங்கும், கதிர் குறையும், நீலம் மட்டும் குறையாமல் நிற்கும். குழாய்க்கு ஆயுள் மணிக்கணக்கு உண்டு என்பது எனக்குப் பாடமாகத் தெரியும். எரித்த நேரத்தை நான் கூட்டிப் பார்த்ததில்லை.

புதுக் குழாய்க்கு எழுதிப் போட்டேன். வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அதற்குள் பெரியவர் வந்துவிட்டார். வாரத்தில் மூன்று நாள், படியேறி, ஒரு காலை இழுத்துக்கொண்டு வருகிறவர். விளக்கு பழுது என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் அடுத்து அவர் கேட்கப்போவது "எத்தனை நாளாக?" என்பதுதான். அதற்குப் பயந்தேன் என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு என்னிடம் வேறு காரணம் இருந்தது: புண் நன்றாக ஆறிக்கொண்டிருக்கிறது, அவருக்கு இந்த விளக்கின் மேல் நம்பிக்கை இருக்கிறது, அதை ஏன் கெடுக்க வேண்டும்? இரண்டில் எது முதலில் வந்தது என்று என்னாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வழக்கப்படி எல்லாம் செய்தேன். சலைனால் கழுவி, ஓரத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் அழுகலை எடுத்து, சுற்றியுள்ள நல்ல தோலுக்கு வேசலின் தடவித் துணியால் மூடி, ஓர் அங்குல உயரத்தில் விளக்கைப் பிடித்தேன். 90 வினாடி. மாணவி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் அவர் கேட்டதும் நான் சொன்னதும். மாணவி பதிவேட்டைத் திறந்து, தலையை நிமிர்த்தாமல், "90 வினாடி என்றே எழுதட்டுமா மேடம்?" என்றாள். "90 வினாடி எரித்தோம் அல்லவா, எழுது" என்றேன்.

பெரியவரின் புண் ஆறியது. அதனால் அவர் விஷயத்தில் எனக்குப் பெரிய உறுத்தல் இல்லை என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சிரை நோயால் வந்த புண் அது. அதற்கு அழுத்தக் கட்டுதான் முதல் வைத்தியம், அதை விடாமல் கட்டினோம். சீழும் அழுகலும் இருந்தால் கதிர் உள்ளே போகாது, அங்கேயே நின்றுவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் விளக்குக்கு முன்னால் அவ்வளவு சுத்தம் செய்தோம். விளக்குக்காகச் செய்த ஆயத்தமே வைத்தியமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படி வைத்துக்கொண்டால் அந்த அம்மாள் நினைவுக்கு வருகிறார். பெரியவருக்குச் சில வாரங்கள் முன்னால் வந்தவர். இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண், கட்டைப் பிரித்தால் பச்சையாகக் கசிந்து நாறும். மூன்று வாரம் இதே விளக்கைப் பிடித்தேன். அசையவில்லை. அவர் மகளிடம், "சில புண்கள் ஒளிக்கு மசியாது அம்மா" என்று சொன்னேன். அந்தப் பெண் புரிந்ததுபோலத் தலையாட்டினாள். பழியைப் புண்ணின் மேல் போட்டேன். அப்போது குழாயில் எவ்வளவு உயிர் இருந்தது? பாதியா, கால்வாசியா? தெரியாது. அதன் பிறகு அவர்கள் வரவில்லை.

இதில் எனக்குத் தப்பிக்க வழி கிடைக்காதது இந்த இடத்தில்தான். ஒளிக்குப் பலன் உண்டு என்றால் அந்த அம்மாளுக்கு நான் துரோகம் செய்திருக்கிறேன். பலன் இல்லை என்றால் அவருக்கு ஒன்றும் நஷ்டமில்லை, ஆனால் இத்தனை வருடம் நான் செய்துகொண்டிருந்தது என்ன? மனம் காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் சாய்கிறது.

படித்துப் பார்த்தால் தீருமா என்றால், இல்லை. ஆய்வகத் தட்டில் வளரும் கிருமியை 254 நானோமீட்டர் கதிர் கொல்லும் என்பதில் சந்தேகமே இல்லை. டிஎன்ஏயில் அடுத்தடுத்து இருக்கும் தைமின் என்ற மூலக்கூறுகளை ஒட்டவைத்து, பெருக விடாமல் செய்துவிடும். ஆனால் புண் தட்டு அல்ல. 1994 இல் கனடாவில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட 20 பேரின் படுக்கைப் புண்களில் சோதித்தார்கள். அல்ட்ராசவுண்டும் புற ஊதாவும் மாற்றி மாற்றிக் கொடுத்தவர்களுக்கு வேகமாக ஆறியது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் எது ஆற்றியது என்று நான் எப்படிப் பிரிப்பது?

எனக்கு ஓரளவு ஆறுதல் தந்தது ஃபின்சென்தான். தோல் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக 1903 இல் நோபல் பரிசு பெற்ற டென்மார்க் மருத்துவர். புற ஊதாக் கதிரே கிருமியை அழிக்கிறது என்று அவர் நம்பினார். 2005 இல் அவருடைய லென்சுகளை எடுத்து அளந்தபோது, குறுகிய அலைநீளக் கதிர்களை அவை உள்ளே விடவே இல்லை என்று தெரிந்தது. கிருமிக்குள் இருந்த போர்பிரின் என்ற பொருள் அதைவிட நீண்ட அலைநீள ஒளியை வாங்கி, அதனால் கிருமி செத்திருக்க வேண்டும் என்று விளக்கினார்கள். காரணம் தப்பு, குணமானது நிஜம். இதைப் படித்த இரவு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள்தான் உறைத்தது: அவருடைய நோயாளிகள் குணமானார்கள். அந்த அம்மாள் குணமாகவில்லை.

புதுக் குழாய் வந்தது. மாட்டியதும் நெடி வந்தது. நான் சொல்லாமலே மாணவி தன் கையில் அட்டையைக் கட்டிக்கொண்டாள். மறுநாள் காலை சட்டைக்கையை மடித்து நான்கு சிவப்புக் கட்டங்களைக் காட்டி, "இதைப் பதிவேட்டில் எங்கே எழுதுவது மேடம்?" என்றாள். நோயாளியின் பெயர், புண் இருக்கும் இடம், தூரம், வினாடி என்று எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருந்தது. விளக்கைச் சோதித்ததை எழுத இடமில்லை. கடைசிப் பக்கத்தில் எழுதச் சொன்னேன்.

"பழைய குழாயில் நீங்கள் செய்ததையும் எழுதட்டுமா? தேதி எனக்கு ஞாபகம் இருக்கிறது."

எனக்கும் இருந்தது. அந்தத் தேதியை எழுதினால், அதற்கு மறுநாள் அவள் கையெழுத்தில் இருக்கும் 90 வினாடிக்கு யாராவது கணக்குக் கேட்பார்கள்.

"புதியதை மட்டும் எழுது" என்றேன்.