தவணைப் பரீட்சையிலேயே பழகட்டும்: ஜூலை 2025 குறிப்புகள்

ஜூலை 1, செவ்வாய்

இரண்டாம் தவணைப் பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம். பார்வை, கேட்டல், வாசிப்பு, நடமாட்டம் என்று ஏதாவதொன்றில் இடர்ப்படுவதால் பரீட்சையில் விசேட ஏற்பாடு தேவைப்படும் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலை வகுப்பாசிரியர்களிடம் இப்போதே வாங்கிவிட வேண்டும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பம் நிரப்பும் நாளில்தான் "இந்தப் பிள்ளைக்கு எழுத ஓராள் வேணுமே" என்று பல இடங்களில் ஞாபகம் வருகிறது. ஆள் கிடைத்தாலும், முன்பின் தெரியாத ஒருவருக்கு மூன்று மணித்தியாலம் விடை சொல்லிக்கொண்டிருப்பது பழகாத பிள்ளையால் முடிகிற காரியமில்லை.

கொழும்பில் லண்டன் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு, அதை நடத்தும் எட்எக்செல் நிறுவனம் இதை விதியாகவே வைத்திருக்கிறது. விண்ணப்பிக்கும் ஏற்பாடு, பிள்ளை வகுப்பில் வழமையாக வேலை செய்யும் முறையாக இருக்க வேண்டும். உள்ளூர்ப் பாடத்திட்டத்துக்கும் அதையே பின்பற்றினால் நட்டமில்லை. வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழப்பைக் காரணம் காட்டிப் பாடசாலை அனுமதியை மறுக்கக்கூடாது என்கிறது. உள்ளே வந்த பிள்ளை எப்படி எழுதுவது என்பது நாம் பார்க்க வேண்டிய வேலை.

ஜூலை 3, வியாழன்

வைத்தியர் கடிதங்கள். "பார்வைக் குறைபாடு உடையவர்" என்று ஒற்றை வரியில் வரும் கடிதத்தை வைத்து எந்த ஏற்பாட்டையும் தீர்மானிக்க முடியாது. 6/60 என்றால் மற்றவர் 60 மீற்றரில் காண்பதை இந்தப் பிள்ளை 6 மீற்றரில்தான் காணும். ஆனால் ஒரே 6/60 உள்ள இரண்டு பிள்ளைகளுக்கு ஏற்பாடு நேரெதிராக இருக்கலாம். பார்வையின் நடுப்பகுதி மங்கிய பிள்ளைக்குப் பெரிய எழுத்து உதவும். சுற்றுப்பார்வை சுருங்கி, குழாய்க்குள்ளால் பார்ப்பது போலப் பார்க்கும் பிள்ளைக்கு எழுத்தைப் பெருப்பித்தால் ஒரு சொல்லே பார்வைக்குள் அடங்காது.

ஆகவே பெற்றோரிடம் அரைத்தாளில் நாலு கேள்வி எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணிலும் பார்வை எவ்வளவு? எந்த அளவு எழுத்தை எவ்வளவு தூரத்தில் வாசிக்கிறது? சுற்றுப்பார்வை எப்படி? தொடர்ந்து எத்தனை நிமிடம் வாசித்தால் கண் களைக்கிறது? கிளினிக்கில் வைத்தியருக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். கேள்வி கையில் இருந்தால் பதிலும் கடிதத்தில் வரும். மூலப்பிரதி வீட்டில் இருக்கட்டும், பாடசாலைக்குப் போட்டோப்பிரதி போதும்.

ஜூலை 7, திங்கள்

பெரிய எழுத்து வினாத்தாள். ஏ4 தாளை ஏ3 ஆக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது 141 சதவீதம் மட்டுமே. 12 புள்ளி (பொயின்ற்) அளவு எழுத்து 17 ஆகும். கடதாசியை மிச்சம்பிடிக்க 9 புள்ளியில் அடித்த தாளாக இருந்தால் 13கூட வராது. ஏ3 தாளை விரித்தால் மேசையில் விடைத்தாளுக்கு இடமும் இருக்காது.

தமிழுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. போட்டோப்பிரதியை மறுபடி பிரதியெடுக்கும்போது முதலில் தொலைவது மெய்யெழுத்தின் புள்ளி. "கல்" "கல" ஆகிவிடும். ரகரத்தின் கால் மங்கினால் அரவாக (ா) தெரியும், "ண" சுழியெல்லாம் நிரம்பிக் கறுப்புக் கட்டியாகும். முடிந்தால் 18 புள்ளியில் புதிதாகத் தட்டச்சுச் செய்து, வரி இடைவெளி ஒன்றரை விட்டு, ஏ4 தாளில் ஒரு பக்கம் மட்டும் அச்சிட வேண்டும். ஒரு வினாவைப் பாதியில் வெட்டி அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. உருவப்படம் அதற்குரிய வினாவுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் வர வேண்டும். பக்கம் கூடும், கூடட்டும்.

ஜூலை 10, வியாழன், போயா

விடுமுறை நாள்தான் தொட்டு வாசிக்கும் படங்களுக்குத் தோது.

தேவையானவை: தடித்த பிரெயில் தாள், தையற்காரர் துணியில் அடையாளமிடும் பற்சில்லு (புறக்கோட்டைத் தையற்பொருள் கடைகளில் கிடைக்கும்), அடியில் வைக்க ரப்பர் விரிப்பு, ஒரு காபன் தாள். சில்லைத் தாளின் பின்பக்கம் ஓட்டினால்தான் முன்பக்கத்தில் புள்ளி மேடாக எழும். அப்படியானால் படம் இடம்வலம் மாற வேண்டும். கையால் மாற்றி வரையப்போனால் பிழைக்கும். காபனை மைப்பக்கம் மேலே பார்க்க வைத்து, அதன்மேல் தாளை வைத்து முன்பக்கத்தில் படத்தை வரைந்தால் பின்பக்கத்தில் மாறிய படம் தானாகப் பதியும். தாளைப் புரட்டி அதன்மேல் சில்லை ஓட்ட வேண்டியதுதான்.

வட்டமும் தொடலியும் உள்ள கேத்திரகணித உருவென்றால் வட்டத்துக்குச் சில்லு, தொடலிக்குக் கம்பளி நூல். இரண்டும் ஒரே வகைக் கோடாக இருந்தால் விரலுக்குப் பிரித்தறிய முடியாது. மிக நெருங்கிய கோடுகள் விரலுக்கு ஒன்றாகிவிடும். நிழல் தீட்டல், அலங்காரம் எதுவும் வேண்டாம். படம் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும். இந்த மாதத்து ஈரக்காற்றில் பசை காய ஓரிரவு பிடிக்கும். அதற்குள் தாள்களை அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த பிறகும் கிடையாக அடுக்காமல் அலுமாரியில் நிறுத்தி வைக்க வேண்டும், பாரத்தில் புள்ளி தட்டையாகிவிடும்.

வினாவின் நீளத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்ப் பிரெயிலில் உயிர்மெய்க்குப் பெரும்பாலும் இரண்டு கட்டம் (க, ண போன்ற அகரமேறியதற்கு மட்டும் ஒன்று), மெய்க்கும் இரண்டு. அச்சில் எழுத்தின் தலைமேல் நிற்கும் புள்ளி பிரெயிலில் எழுத்துக்கு முன்னால் வரும். "கணக்கு" அச்சில் நாலு எழுத்து, பிரெயிலில் ஆறு கட்டம். வாசிக்கும் விரலுக்குக் கூடுதல் நேரம் ஏன் என்று கேட்பவருக்கு இந்த ஒரு சொல்லைக் காட்டினால் போதும்.

ஜூலை 11, வெள்ளி

பாடப்புத்தகத்தின் பிடிஎஃப் இருந்தும் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் மென்பொருள்) அதை வாசிக்கவில்லை என்று முறைப்பாடு. இங்கே பல கோப்புகள் யுனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் இருப்பதுதான் காரணம். கண்ணுக்குத் "தமிழ்" என்று தெரிந்தாலும், உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் அதைத்தான் வாசிக்கும். பகுதியைப் பிரதியெடுத்து, பாமினியை யுனிகோடாக மாற்றும் கருவியில் போட்டு, ஆங்கிலச் சொற்களும் சமன்பாடுகளும் குலைந்திருக்கும் இடங்களைக் கையால் திருத்த வேண்டும். ஒரு அத்தியாயத்துக்கு ஒரு பின்னேரம் போய்விடும். ஒருமுறை செய்ததைப் பத்திரமாக வைத்தால் அடுத்த வருடப் பிள்ளைக்கும் உதவும்.

ஜூலை 15, செவ்வாய்

விடை எழுதிக்கொடுப்பவர்களுக்கு 40 நிமிடப் பாடவேளை இரண்டு பயிற்சிக்கு ஒதுக்கியாயிற்று. அந்தந்தப் பாடத்தைக் கற்பிப்பவர் அந்தப் பாடத்துக்கு எழுதக்கூடாது. பிழையான விடை கேட்டதும் அவர் பேனை தன்னையறியாமல் நின்றுவிடும். அந்த ஒரு நொடித் தயக்கமே பிள்ளைக்குக் குறிப்புத்தான்.

கணிதம் தனிக் கதை. "இரண்டு எக்ஸ் கூட்டல் மூன்றின் வர்க்கம்" என்று பிள்ளை சொன்னால் மூன்றுக்கு மட்டுமா, முழுவதற்குமா? "அடைப்பு திற, இரண்டு எக்ஸ் கூட்டல் மூன்று, அடைப்பு மூடு, முழுவதற்கும் வர்க்கம்" என்று சொல்ல இருவரும் பழக வேண்டும். சாதாரண தரக் கணிதம் இரண்டாம் தாளில் அமைப்பு வரைதல் வரும். "ஏ மையமாக, ஐந்து சென்ரிமீற்றர் ஆரையில் வில்" என்று பிள்ளை சொன்ன பிறகுதான் எழுதுபவர் கவராயத்தை எடுக்கலாம். கரட்டு வேலையையும் அவரே எழுத வேண்டும், சொல்லும் பிள்ளை எல்லா இலக்கத்தையும் மனதில் சுமக்க முடியாது.

தமிழ்ப் பாடத்தில் எழுத்துப்பிழை யாருடையது என்பதை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். கொழும்பில் பலர் வாயில் ழகரமும் ளகரமும் ஒன்றே. ஐயம் வந்தால் "எந்த ளகரம்?" என்று எழுதுபவர் கேட்கட்டும், பிள்ளை "சிறப்பு ழகரம்", "பொது ளகரம்" என்று பெயர் சொல்லட்டும். ஆனால் பிழை வரும் இடத்தில் மட்டும் கேட்டால் அதுவும் குறிப்பாகிவிடும். சரியான இடங்களிலும் இடைக்கிடை கேட்க வேண்டும்.

ஜூலை 17, வியாழன்

கேட்டல் குறைந்த பிள்ளைகள். உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்ளும் பிள்ளைக்கு "பாடம்", "மாடம்" இரண்டும் ஒன்றுதான், பகரத்துக்கும் மகரத்துக்கும் உதடு ஒரேமாதிரி மூடும். அதனால் சொல்வதெழுதலை அப்படியே வைப்பது அநியாயம். படத்தைக் காட்டி எழுதவிடலாம். ஆசிரியர் யன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் முகம் இருண்டு உதடு தெரியாது. காலி வீதிப் பக்கத்து வகுப்பென்றால் ஹோர்ன் சத்தத்திலிருந்து தள்ளி, நன்றாகக் கேட்கும் காது ஆசிரியர் பக்கம் இருக்கும்படி இரண்டாம் வரிசையில் இருத்த வேண்டும்.

மண்டபத்தில் "ஏழாம் வினாவில் ஒரு திருத்தம்" என்று வாயால் அறிவிப்பதுதான் பெரிய இடி. எந்த அறிவிப்பையும் கரும்பலகையிலும் எழுத வேண்டும்.

ஜூலை 18, வெள்ளி

வாசிப்பு இடர்ப்பாடு. "கொடி"யில் கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் பின்னும் நிற்கிறது, ஒகர ஒலியோ ககரத்துக்குப் பிறகுதான். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாய்ச் சேர்க்கும் பிள்ளை இங்கே விழும். விஞ்ஞானம், வரலாறு வினாக்களை ஒருவர் வாசித்துக் காட்டலாம். வாசிப்பையே சோதிக்கும் தமிழ்ப் பகுதியில் முடியாது.

ஜூலை 21, திங்கள்

மண்டபம். வாசலில் 15 சென்ரிமீற்றர்ப் படி மூன்று, மொத்தம் 45. 1:12 சரிவென்றால் (ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம்) 5.4 மீற்றர்ப் பாதை வேண்டும். ஒரு பலகையைச் சாய்த்து வைத்துச் சமாளிக்கிற விசயமல்ல. தரைமட்ட வகுப்பறைக்கு மாற்றியாயிற்று. அங்கே இரட்டைக் கதவில் ஒன்று எப்போதும் தாழ்ப்பாளில், திறந்த பாதிக்குள் சக்கர நாற்காலி நுழையாது. தாழ்ப்பாள் துருப்பிடித்திருக்கிறது, நாளைக்குள் எண்ணெய் போட வேண்டும்.

ஜூலை 23, புதன்

முதல் நாள் முடிந்தது. மூன்று மணித்தியாலத் தாளுக்கு 25 சதவீதம், அதாவது 45 நிமிடம் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தோம். 8.30க்குத் தொடங்கினால் 12.15. வாசிப்புக்கான 10 நிமிடத்தைக் கணக்கில் சேர்க்க மறந்ததால் 12.25 ஆகவேண்டியது 12.15க்கே நின்றது. இடைவேளை மணியும் நடுவில் அடித்தது, மற்றப் பிள்ளைகள் வராந்தாவில் ஓட, அறைக்குள் பத்து நிமிடம் எதுவும் நடக்கவில்லை. 1 மணிக்கு அடுத்த தாள். சாப்பிட 45 நிமிடம், அதற்குள் கழிப்பறையும்.

நாளைக்கு: பின்கட்டிடத்து அறை. தொடக்கம், முடிவு இரண்டு நேரமும் இந்தப் பிள்ளைகளுக்கெனத் தனியாகப் பலகையில். ஓய்வெடுத்தால் கடிகாரத்தை நிறுத்தி, நிறுத்திய நிமிடத்தை விடைத்தாள் ஓரத்தில் குறிக்க வேண்டும். தாழ்ப்பாள் இன்னும் திறக்கவில்லை.