நாற்பது வருஷம் காத்திருந்த ஊரும் ஒரு உருளைக்கிழங்கு போண்டாவும்

முதலில் அந்த பஸ்ஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் மற்றது எதுவும் எழுத வராது.

2025 அக்டோபர் 11, சனிக்கிழமை. இங்கிலாந்தில், லீட்ஸிலிருந்து மான்செஸ்டர். ரயில் டிக்கெட் விலையைப் பார்த்ததும் மனசு சுருங்கிவிட்டது. பஸ்ஸில் ஏழு பவுண்டு என்று போட்டிருந்தார்கள். ஒரு பவுண்டுக்கு 118 ரூபாய் என்று என் தலைக்குள் ஒரு கால்குலேட்டர் இரண்டு வாரமாக ஓடிக்கொண்டே இருந்ததால், 826 ரூபாய், பரவாயில்லை என்று பதிவு செய்துவிட்டேன். பஸ் வந்தது ஒரு மணி இருபது நிமிடம் தாமதமாக. மன்னிப்பு, விளக்கம் எதுவும் கிடையாது. உட்கார்ந்தால், தலைக்கு மேல் இருக்கும் துவாரத்திலிருந்து குளிர்காற்று. வெளியே பத்துப் பன்னிரண்டு டிகிரி, உள்ளே ஏசி! மூடச் சொன்னால், அது அப்படித்தான், மூடாது என்றார் டிரைவர். பின்னால் கழிவறைக் கதவின் தாழ்ப்பாள் உடைந்திருந்தது. ஒவ்வொரு வளைவிலும் அது படாரென்று திறக்கும், உள்ளே இருக்கிற நீல மருந்துத் தண்ணீரின் வாடை முகத்தில் அடிக்கும். கடைசி வரிசையில் இருந்த ஒரு பையன் மான்செஸ்டர் வரை கதவைக் காலால் உதைத்துப் பிடித்துக்கொண்டே வந்தான். அவனுக்குத்தான் அந்த ஏழு பவுண்டைக் கொடுத்திருக்க வேண்டும்.

சரி. லீட்ஸ், ஹல், மான்செஸ்டர் என்று ஊர்வாரியாக, கட்டணம், சாப்பாடு, டிக்கெட் எல்லாம் வரிசையாக எழுதுகிறேன் என்று போன பதிவில் சொல்லியிருந்தேன். வரிசை கிரிசை எல்லாம் இனி எதிர்பார்க்காதீர்கள். போனது அக்காவைப் பார்க்க. ஆனால் மாமா பதினொரு வருஷமாக லீட்ஸ் ரைனோஸ் என்கிற ரக்பி லீக் அணியின் வெறியர். நான் போய் இறங்கிய நேரம், சூப்பர் லீக் சீசனின் கடைசி மூன்று வாரம். அதனால் அக்காவோடு கோயில், கடைவீதி என்று போட்ட திட்டமெல்லாம் போய், மூன்று வாரமும் ரக்பி லீக்தான்.

ரக்பி என்றதும் நமக்குத் தெரிந்த அந்தப் பதினைந்து பேர் ஆட்டம் இல்லை இது. இதில் பதின்மூன்று பேர். கபடி தெரிந்தவர்களுக்கு அஞ்சு நிமிடத்தில் புரியும். பந்தை வைத்திருப்பவன் எதிரணிக்குள் பாடிப் போகிறான், பிடித்து அமுக்குகிறார்கள். அமுங்கியவன் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளிவிட, அடுத்தவன் எடுத்துக்கொண்டு முட்டுகிறான். இப்படி ஆறு பிடி. ஆறாவது பிடிக்குள் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைக்காவிட்டால் பந்து எதிரணிக்கு. அதனால் ஐந்து பிடி முடிந்ததும் பெரும்பாலும் பந்தை உதைத்துவிடுவார்கள். கோட்டைத் தாண்டி வைத்தால் 4 புள்ளி, அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2. அவ்வளவுதான். மாமா முதல் நாள் ராத்திரி இட்லித் தட்டையும் கரண்டிகளையும் வைத்து எனக்கு விளக்கினார். அக்கா வந்து தட்டைப் பிடுங்கிக்கொண்டு போனதோடு வகுப்பு முடிந்தது.

எனக்கு ஆட்டத்தைவிடப் பிடித்தது அது பிறந்த கதை. 1895 ஆகஸ்ட் 29. ஹடர்ஸ்ஃபீல்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கு இங்கிலாந்துக் கிளப்புகள் கூடி, தனியாகப் பிரிந்துவிட்டன. சண்டை எதற்கு? கூலிக்கு. ஆடியவர்கள் சுரங்கத்திலும் மில்லிலும் வேலை பார்த்தவர்கள். அப்போது சனிக்கிழமையும் வேலை நாள். மேட்ச் ஆடப் போனால் அன்றைய கூலி போச்சு. இழந்த கூலியை மட்டுமாவது கொடுக்க விடுங்கள் என்று கேட்டார்கள். ஆட்டம் என்றால் காசு வாங்காமல் ஆட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள் தெற்கே இருந்த கனவான்கள். வயிறு நிறைந்தவன் பேசுகிற பேச்சு அது. சிங்காநல்லூரில் என் தாத்தா மில் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு கபடி ஆடப் போவாராம். சம்பள நாளன்று பாட்டியிடம் வாங்கிய ஏச்சு எங்கள் வீட்டில் இன்றைக்கும் பிரபலம். அந்த ஹோட்டலில் கூடியவர்களை எனக்கு நேரில் தெரிந்த மாதிரி இருந்தது.

ஊர்களும் அப்படித்தான். நாம் பார்க்கிற பெருநகர லீக் இல்லை இது. விகன், செயின்ட் ஹெலன்ஸ், லீ, வேக்ஃபீல்டு, காஸில்ஃபோர்டு என்று எம்62 நெடுஞ்சாலையை ஒட்டி அடுத்தடுத்து இருக்கிற சின்ன ஊர்கள். ஐபிஎல்லில் பவானி, கோபி, கரூர், நாமக்கல் என்று அணிகள் இருந்து, திடீரென்று ஒரு அணி மட்டும் கொழும்பிலிருந்து வந்தால் எப்படி இருக்கும்? 2025-இல் இங்கே அந்த ஒரு அணி பிரான்ஸின் பெர்ப்பிஞானிலிருந்து வந்த கேட்டலன்ஸ் டிராகன்ஸ். அப்போது மொத்தம் 12 அணிகள், ஆளுக்கு 27 ஆட்டம், பிப்ரவரியில் தொடங்கி செப்டம்பர் வரை. 1996-க்கு முன்னால் குளிர்காலத்தில் ஆடிக்கொண்டிருந்தார்களாம். பட்டியலில் முதலிடம் பிடித்தாலும் சாம்பியன் இல்லை, ஒரு கேடயம்தான். ரசிகர்கள் அதைக் கார் சக்கர மூடி என்று கிண்டல் செய்கிறார்கள். முதல் ஆறு அணிகள் பிளே-ஆஃப் ஆடி, கடைசியில் மிஞ்சும் இரண்டு அணிகள் மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டில் கிராண்ட் ஃபைனலில் மோத வேண்டும். 27 வாரம் உழைத்தவனை ஒரே ராத்திரியில் கவிழ்க்கலாம். அநியாயமான ஏற்பாடு என்று மாமாவிடம் சொன்னேன். லீட்ஸ் 2011-இல் ஐந்தாம் இடத்திலிருந்து வந்து பட்டம் ஜெயித்ததாம். அதனால் அவருக்கு இது உலகத்திலேயே நியாயமான ஏற்பாடு.

கூலிக்காகப் பிறந்த ஆட்டத்தில் 130 வருஷம் கழித்தும் கூலிப் பிரச்சினை தீரவில்லை என்பதுதான் கொடுமை. இந்த சீசனில் தன் முதல் லீக் ஆட்டத்திலேயே சால்ஃபோர்டு அணி, பணச் சிக்கலில் பெரும்பாலும் இளம் பையன்களை இறக்கி, செயின்ட் ஹெலன்ஸிடம் 82-0 என்று தோற்றது. வருஷம் முழுக்க அந்த வீரர்களுக்குச் சம்பளம் தள்ளித் தள்ளித்தான் வந்தது.

லீட்ஸ் அணியின் மைதானம் ஹெடிங்லி. இந்தப் பெயரைக் கேட்டதும் உங்களுக்கு ஜூனில் ரிஷப் பந்த் இரண்டு இன்னிங்ஸிலும் அடித்த சதம் ஞாபகம் வரும். எனக்கும் அதுதான் வந்தது. ஆனால் அங்கே கிரிக்கெட் மைதானமும் ரக்பி மைதானமும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. நடுவில் ஒரே ஸ்டாண்டு, ஒரு பக்கம் கிரிக்கெட்டைப் பார்க்கும், மறுபக்கம் ரக்பியை. போகிற வழியில் பல்கலைக்கழகக் கட்டடச் சுவரில் ராப் பர்ரோவின் பெரிய ஓவியம். ஐந்தடி ஐந்து அங்குல ஆள், இந்த மலைமாடுகளுக்கு நடுவே ஆடி லீட்ஸுக்காக எட்டுப் பட்டம் வாங்கியவர். நரம்பு நோய் வந்து 2024 ஜூனில் போய்விட்டார். அதற்கு முந்தைய வருஷம் லீட்ஸ் மாரத்தானில் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டே ஓடிய நண்பர் கெவின் சின்ஃபீல்டு, எல்லைக்கோட்டுக்கு முன்னால் அவரைத் தூக்கிச் சுமந்து கோட்டைக் கடந்தார். மாமா அந்தச் சுவரைத் தாண்டும்போது பேசமாட்டார்.

செப்டம்பர் 27 ஆட்டம், தோற்றால் வீட்டுக்கு. லீட்ஸ் 14-12 என்று முன்னால் இருந்தது, நேரம் முடிந்தேவிட்டது. மாமா என் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். செயின்ட் ஹெலன்ஸ்காரர்கள் பந்தைக் கீழே விடாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஷேன் ரைட் கோட்டைத் தாண்டி விழுந்தார். 16-14. என் தோளில் இருந்த கை மெதுவாக இறங்கியது. ஆட்டம் முடிந்ததும் ஊதுகிறார்களே, அது அசல் நம்ம ஊர் மில் சங்குதான். வீடு வரை மாமா வாயைத் திறக்கவில்லை. டிக்கெட் அவர் செலவு என்பதால் நானும் திறக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஹல். இந்த மொத்தப் பயணத்தில் ஒரே ஒரு ஊருக்குத்தான் திரும்பப் போவேன் என்றால் அது இதுதான். லீட்ஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். இங்கிலாந்தே சிவப்பு டெலிபோன் கூண்டு வைத்திருக்க, இந்த ஊரில் மட்டும் அது வெளிர் மஞ்சள். அரசாங்கத் தொலைபேசியே வேண்டாம் என்று தனியாகக் கம்பெனி நடத்திய ஊராம். நடுவே ஹல் ஆறு. ஆற்றுக்குக் கிழக்கே ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ், மேற்கே ஹல் எஃப்சி. 1980-இல் இந்த இரண்டு அணிகளும் சேலஞ்ச் கோப்பை என்கிற நாக்-அவுட் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு வெம்ப்ளி போனபோது, கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகவும் என்று ஊர் எல்லையில் எழுதி வைத்தார்களாம். அப்படிப்பட்ட ஊர். ரோவர்ஸ் ஜெயித்த அந்தக் கோப்பை, 1985-இல் ஒரு லீக் பட்டம், அப்புறம் நாற்பது வருஷம் பெரிதாக ஒன்றும் இல்லை. 2020-இல் பட்டியலில் கடைசி இடம். கொரோனாவால் கீழிறக்கத்தை ரத்து செய்ததால்தான் தப்பித்தார்கள். அதே அணி இந்த ஜூனில் வாரிங்டனுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் புள்ளி எடுத்து 8-6 என்று சேலஞ்ச் கோப்பையைத் தூக்கியது. சக்கர மூடியும் கையில். மிச்சம் கிராண்ட் ஃபைனல்.

ரோவர்ஸும் செயின்ட் ஹெலன்ஸும் மோதிய அரையிறுதிக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. ரோவர்ஸின் மைதானமான கிரேவன் பார்க்கில் சுமார் 12,000 பேர்தான் கொள்ளும், எப்போதோ தீர்ந்துவிட்டது. பசி வேறு. பொரித்த மீன் கடை ஒன்றில் நுழைந்து, நான் சைவம், ஏதாவது இருக்கிறதா என்று பயந்துகொண்டே கேட்டேன். 'பாட்டி' தரட்டுமா என்றார் கடைக்கார அம்மா. எந்தப் பாட்டி? மசித்த உருளைக்கிழங்கில் வெங்காயமும் சேஜ் என்கிற இலையும் சேர்த்து, தட்டையாகத் தட்டி, மாவில் முக்கி, எண்ணெயில் போட்டு எடுத்தது. ஐயா, அது போண்டா! கடலைமாவு இல்லை, கடுகு கறிவேப்பிலை இல்லை, ஆனாலும் போண்டாதான். அதை ஒரு வட்ட ரொட்டிக்குள் வைத்து, மேலே சிப்ஸைத் திணித்து, சிவப்பாக ஒரு பொடியைத் தூவினார். சிப் ஸ்பைஸ் என்று ஹல்காரர்கள் பெருமையாகச் சொல்லும் பொடி, மிளகாய் நிறம், உப்புச் சுவை, உறைப்பு பேருக்குத்தான். மேலோடு நொறுங்கி, உள்ளே ஆவி பறக்க, குளிரில் விரல் மரத்துப்போன நேரத்தில் அதைக் கடித்தபோது கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மூன்றரை பவுண்டு. 413 ரூபாய் என்று கால்குலேட்டர் சொன்னது. இரண்டாவது வாங்கும்போது அதுவும் வாயை மூடிக்கொண்டது.

ஆட்டத்தை நகர மையத்தில் ஒரு பப்பில் பார்த்தேன். ஒரு எலுமிச்சை சோடாவை இரண்டு மணி நேரம் குடித்தேன், வெட்கமில்லை. வேடிக்கை என்னவென்றால், பாதிக் கூட்டம் ஹல் எஃப்சி ஆட்கள். அவர்கள் அணி பிளே-ஆஃபுக்கே வரவில்லை. ஆனால் பக்கத்துத் தெருக்காரன் ஜெயித்துவிடக் கூடாதே, அதற்காக செயின்ட் ஹெலன்ஸுக்குக் கை தட்டினார்கள். பங்காளி என்றால் எல்லா ஊரிலும் பங்காளிதான். ரோவர்ஸ் 20-12.

இப்போது மறுபடி அந்த நாற்ற பஸ்ஸிலிருந்து மான்செஸ்டரில் இறங்குகிறேன். கோயம்புத்தூர்க்காரன், தென்னிந்தியாவின் மான்செஸ்டரிலிருந்து அசல் மான்செஸ்டருக்கு வந்த பெருமிதத்தில் டிராம் ஏறி, ஓல்டு டிராஃபோர்டு என்ற நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். எதிரே கிரிக்கெட் மைதானம்! ஜூலையில் நம்ம வாஷிங்டன் சுந்தர் 101 அடித்து ஆட்டமிழக்காமல் நின்று டெஸ்ட்டைக் காப்பாற்றிய இடம். கும்பிட்டுவிட்டு, பத்து நிமிடம் நடந்து கால்பந்து மைதானத்துக்குப் போனேன். ஃபைனலில் ரோவர்ஸோடு மோதிய விகனுக்கும் சிவப்பு வெள்ளை, ரோவர்ஸுக்கும் சிவப்பு வெள்ளை. யார் எந்த ஊர் என்று தெரியாமல் தவறான ஆளிடம் தவறாகச் சிரித்துவைத்தேன்.

30 பவுண்டு டிக்கெட், 3,540 ரூபாய், மேலே மூலையில். உள்ளே 68,000 பேருக்கு மேல். பக்கத்தில் எழுபது வயது இருக்கும் ஒரு ஹல் அம்மா. என்னை 'லவ்' என்று கூப்பிட்டார். நம்ம ஊர் 'கண்ணு' மாதிரி. எனக்கு ஒரு மிட்டாய், அவருக்கு ஒரு மிட்டாய். உறித்த காகிதத்தை நாலாக, எட்டாக மடித்து, நகத்தால் அழுத்தித் தேய்த்து முழங்கால் மேல் வைத்துக்கொள்வார். அடுத்த மிட்டாய், அடுத்த காகிதம். 1985-இல் எனக்குக் கல்யாணமாகி ஆறு மாசம் என்று மட்டும் ஒருமுறை சொன்னார். விகன் போன வருஷச் சாம்பியன், அதற்கு முந்தைய வருஷமும் அவர்கள்தான். ஆனால் அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. ரோவர்ஸ் 24-6. கடைசிப் பத்து நிமிடம் சுற்றி எல்லோரும் எழுந்து ஆடிக்கொண்டிருந்தபோதும் அவர் உட்கார்ந்தே மடித்துக்கொண்டிருந்தார். சங்கு ஊதியதும் ஏழெட்டுக் காகிதத்தையும் என் கையில் வைத்து, இதைப் பிடி கண்ணு என்று சொல்லிவிட்டு எழுந்து நின்று கை தட்ட ஆரம்பித்தார்.

வெளியே டாக்ஸி. பஸ் நிலையம் மூன்று கிலோமீட்டர். 40 பவுண்டு கேட்டார் டிரைவர், மீட்டர் போடமாட்டாராம், இன்றைக்கு ஃபைனலாம். 4,720 ரூபாய்! கோயம்புத்தூரிலிருந்து ஊட்டிக்கே போய்விடலாம். நள்ளிரவு காந்திபுரம் ஆட்டோக்காரர்கள்கூட இவ்வளவு கூசாமல் கேட்டதில்லை. கூட்டத்தோடு கூட்டமாக நடந்தே போனேன். பாதி வழியில் மழை. திரும்பும் பஸ்ஸும் அதே பஸ். தாழ்ப்பாளும் அதே.

வீடு சேர்ந்தபோது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. மாமா முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்கோர் கேட்கவில்லை. ரசம் சுட வைத்துக்கொடுத்தார். கோட்டைக் கழற்றும்போது பையிலிருந்து மிட்டாய்க் காகிதங்கள் தரையில் சிந்தின.

"என்ன மாப்ள இது?"

"ஹல்."

ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்துவிட்டு, மறுபடி அதே மடிப்பில் மடித்து மேஜைமேல் வைத்தார். "பிப்ரவரிக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு. அடுத்த வருஷம் 14 டீம்" என்றார்.