செவுத்துக்கு முட்டு குடுத்தா மட்டும் போதுமா?

மும்பை செம்பூர்ல நாங்க இருக்குற சாலுக்கு, அதான் வரிசை வீட்டுக் குடியிருப்புக்கு, பின்னாடி மலைச்சரிவு, அத தாங்கி பத்தடி ஒசரத்துல ஒரு பழைய கருங்கல் செவுரு. போன மழைக்கு நடுவுல வயிறு தள்ளிருச்சு. நான் ஊருக்குப் போயிருந்த நேரத்துல கமிட்டில காசு சேத்து செங்கல்ல நாலு முட்டுத்தூண் கட்டிட்டாங்க, வந்து பாத்தா தூணுக்கும் செவுத்துக்கும் நடுவுல ரெண்டு ரூபா காசு உள்ள போகுது. தூணுக்கு அஸ்திவாரமே இல்ல, கொட்டுன மண்ணு மேல நிக்குது, அது தானே எறங்கி வெளிய சாயுது.

"அண்ணாச்சி, இது செவுத்த தாங்கவே இல்ல"ன்னு சொன்னதும் கமிட்டி அண்ணாச்சி மொகம் வாடிப்போச்சு. பாவம், அலைஞ்சு திரிஞ்சு கட்டுனவரு.

மண்ணு தள்ளுறது மேல கம்மி, கீழ போகப்போக கூடிட்டே போகும். ஒசரம் ரெண்டு மடங்கானா மொத்தத் தள்ளு நாலு மடங்கு, செவுத்த குப்புற கவுக்குற பலம் எட்டு மடங்கு. அதனாலதான் முட்டு அடியில அகலமா மேல ஒடுங்கி வரணும். வெளிப்பக்கம் வச்சா பட்ரெஸ், அது நசுங்கித் தாங்கும், கல்லு காங்கிரீட்டுக்கு அது சுளுவான வேலை. மண்ணுக்குள்ள வச்சா கவுண்டர்ஃபோர்ட், அது செவுத்த பின்னாடி இழுத்துப் புடிக்கும், அதுல கம்பி சரியா இல்லன்னா பிஞ்சு வந்துரும். எதுவானாலும் செவுத்தோட ஒண்ணா பிணைஞ்சு இருக்கணும், அப்பதான் ரெண்டு முட்டுக்கு நடுவுல உள்ள செவுரு ஸ்லாப் மாதிரி பாரத்த ரெண்டு பக்கமும் பிரிச்சுக் குடுக்கும்.

ஆனா எனக்கு பயமே தண்ணிதான். சாதா மணல் மண்ணுன்னா மூணு மீட்டர் ஆழத்துல ஒரு சதுர மீட்டருக்கு தோராயமா 1,800 கிலோ தள்ளும், பின்னாடி தண்ணி முழுசா கட்டி நின்னா அதே எடத்துல 4,000 கிலோ. எங்க செவுத்துல தண்ணி வடியுறதுக்கு இருந்த ஓட்டையெல்லாம் பூசி அடைச்சிருந்தாங்க, அசிங்கமா வடியுதாம்! 2021 ஜூலை 18 விடியறதுக்குள்ள இதே செம்பூர் பாரத் நகர்ல மழையில செவுரு வீடுங்க மேல விழுந்து எத்தன உசுரு போச்சு, அத மறக்க முடியுமா.

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர கூட்டிட்டு வந்து காட்டுனோம். அவரு செவுத்தடிய மொத்தமா தோண்டக்கூடாது, ஒண்ணு விட்டு ஒண்ணாதான் குழி எடுக்கணும்னு கண்டிப்பா சொல்லிட்டாரு. செவுத்துல துளை போட்டு கம்பி எறக்கி காங்கிரீட் பட்ரெஸ். அதுக்கு முன்னாடி மொதல் வேலையா தண்ணி ஓட்டை, வெளிப்பக்கம் சரிவா. மிஸ்திரி மூணாவது ஓட்டைய போட்டு ட்ரில்ல உருவுனதும் டீ கலர்ல தண்ணி பீச்சி அடிச்சுது, மழை நின்னு ஒம்பது நாள் ஆயிருந்துச்சு, அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் அது நிக்கல.