காளையா, எருதா?

போன மாதம் ஒரு சிறுவர் கதையை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாடு பூட்டிய வண்டி வருகிற இடத்தில் யோசிக்காமல் ‘காளைகள்’ என்று போட்டேன். அன்று ராத்திரி அப்புச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, போனில் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். வெள்ளகோவில் பக்கம் அறுபது வருடம் மாடு வைத்திருந்தவர்.

“காளையவா பூட்டுனான்? எதுக்கால ஒரு கிடாரி வந்தா வண்டி எந்தப் பக்கம் போகும் அம்முணி?”

காயடிக்காமல், பசுவுக்குச் சேர்க்க விட்டுவைப்பது காளை. பூச்சிக்காளை என்போம். காயடித்து நுகத்துக்குப் பழக்கியது எருது. பிறக்கும்போது இரண்டும் காளைக்கன்றுதான்.

காங்கேயம் மாடு என்றால் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். கன்று செந்நிறமாகப் பிறந்து, ஆறு மாதத்தில் சாம்பலுக்கு மாறும். காளையாக விட்டால் திமிலும் கழுத்தும் தொடையும் கறுத்துக்கொண்டு வரும். காயடித்துவிட்டால் அந்தக் கறுப்பு பிடிக்காது, திமிலும் அவ்வளவாக ஏறாது. அப்புச்சி வீட்டு வண்டி எருதுகள் இரண்டும் அப்படி வெளுத்தவைதான். நுகம் உட்காரும் இடத்தில் மட்டும் மயிர் உதிர்ந்து தோல் காய்த்திருக்கும். தடவினால் பழைய செருப்பைத் தொட்ட மாதிரி இருக்கும். எருதின் நோவு காக்கைக்குத் தெரியுமா என்று பழமொழி சொன்னவர் அந்தக் கழுத்தைத்தான் பார்த்திருக்க வேண்டும். பழமொழியில் காளைக்கு நோவு வரவில்லை பாருங்கள். வாட்டசாட்டமான பையனைக் காளை என்கிறோம். எந்த மாப்பிள்ளையையாவது எருது என்று சொல்லிவிட்டு அந்த வீட்டில் சாப்பிட முடியுமா?

வேலூர், கிருஷ்ணகிரிப் பக்கம் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே எருது விடும் விழாவில் சீறிக்கொண்டு ஓடுவது அசல் காளை. ஜல்லிக்கட்டுக்காக 2017இல் தமிழக அரசு கொண்டுவந்த சட்டத் திருத்தத்திலும் மஞ்சுவிரட்டு, வடமாடு இவற்றோடு எருது விடும் விழா என்ற பெயர் அப்படியே இருக்கிறது. அப்புச்சியிடம் சொன்னேன். “அவிய ஊருல அவிய பேச்சு” என்று முடித்துக்கொண்டார்.

சரி என்று ‘எருதுகள்’ என்று திருத்தி அனுப்பினேன். குழந்தைகளுக்குப் புரியாது, காளை என்றே இருக்கட்டும் என்று பதிப்பகத்திலிருந்து பதில் வந்தது. இரண்டு நாள் இழுபறி. கடைசியில் ‘வண்டி மாடுகள்’ என்று போட்டுக் கொடுத்தேன்.

அப்புச்சிக்கு இன்னும் சொல்லவில்லை.